உங்கள் உடலின் அடையாளம் யாரிடம் இருக்கிறது? மொரீஷியஸ் தமிழர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தேசிய அடையாள அட்டை வழக்கில் மொரீஷியஸ் உச்ச நீதிமன்றம் 2015 மே 29 அன்று தீர்ப்பளித்தபோது, குடிமக்களிடம் கைரேகை பெறுவதையும், பெற்ற கைரேகையை ஒரே இடத்தில் திரட்டி வைத்திருப்பதையும் இரண்டு தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்துப் பார்த்தது. 2013 அக்டோபரில் வந்த புதிய அட்டைக்காகக் கைரேகை பெறுவதைப் பொது ஒழுங்கின் பேரில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதை மையத் தரவுத்தளத்தில் சேமித்து வைத்திருப்பதற்குப் போதிய சட்டக் காப்பு இல்லை என்றும், அரசமைப்பின் 9ஆம் பிரிவின்படி அதை நியாயப்படுத்த முடியாது என்றும் கூறியது. கைரேகை பெறுவது செல்லும் என்ற பகுதியை 2016 அக்டோபரில், மொரீஷியஸின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் உறுதி செய்தது. வழக்குத் தொடுத்த மகாராஜா மதேவூ அதோடு நிற்காமல் ஐ.நா. மனித உரிமைக் குழுவை அணுகினார். அட்டை தொலைந்தாலோ திருடப்பட்டாலோ அதிலுள்ள கைரேகை நகலெடுக்கப்படாமல் இருக்க என்ன காப்பு இருக்கிறது என்பதை அரசு போதுமான அளவு விளக்கவில்லை என்று கண்ட அக்குழு, அவருடைய அந்தரங்க உரிமை மீறப்பட்டதாக 2021இல் முடிவு தெரிவித்தது.

கொடுப்பது வேறு, வைத்திருப்பது வேறு என்ற இந்தப் பாகுபாட்டைத்தான் இந்த வழிகாட்டி முழுவதும் பின்பற்றுகிறது. கடவுச்சொல் வெளியே போனால் மாற்றிவிடலாம், விரலையும் முகத்தையும் மரபணுவையும் மாற்ற வழியில்லை. ஆகவே யாராவது உங்கள் உடலிலிருந்து ஓர் அடையாளத்தைக் கேட்டால், கொடுப்பதா மறுப்பதா என்று யோசிப்பதற்கு முன்பே, அது எங்கே, எவ்வளவு காலம், யார் கையில் இருக்கப் போகிறது என்று கேட்டுப் பழக வேண்டும்.

நம் மக்களுக்கு இது புதிய அனுபவமும் இல்லை. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இத்தீவில் இறக்கப்பட்ட சுமார் நாலரை லட்சம் இந்தியர்களில் நம் முன்னோரும் இருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவர்களும் தங்கள் படம் ஒட்டிய டிக்கெட்டை, அதாவது அடையாளச் சீட்டை, எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியது. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர் நாடோடி என்று கைது செய்யப்பட்டார். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் அந்தப் படங்களைப் பார்ப்பவர்கள், அவை எதற்காக எடுக்கப்பட்டன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

முதல் படி: இதுவரை எங்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள்?

ஒரு தாளை எடுத்து, உங்கள் கைரேகை, முகப்படம், கருவிழி, குரல், உமிழ்நீர், இரத்தம் ஆகியவற்றை எந்தெந்த இடங்களில் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வெளிநாட்டு விசா, அலுவலக வருகைப்பதிவு இயந்திரம், உடற்பயிற்சி நிலையத்தின் நுழைவாயில், வங்கியின் செல்பி சரிபார்ப்பு, 2023 அக்டோபரில் தொடங்கிய சிம் மறுபதிவு, கையில் கட்டியிருக்கும் உடற்பயிற்சிக் கடிகாரம் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு குறிப்புகள் போதும். சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டியதா, இல்லை வசதிக்காகக் கொடுத்ததா? அந்த நிறுவனத்துடன் உங்களுக்கு இப்போதும் தொடர்பு இருக்கிறதா? வசதிக்காகக் கொடுத்து, தொடர்பும் அற்றுப்போன இடங்களிலிருந்துதான் நீக்கும் வேலையைத் தொடங்க வேண்டும். அங்கே எதிர்ப்பு குறைவாக இருக்கும், உங்களுக்கு இழப்பும் இராது.

இரண்டாம் படி: இயந்திரம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கைரேகைக் கருவி பெரும்பாலும் ரேகையின் படத்தை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. ரேகைகள் முடியும் இடங்களையும் கிளை பிரியும் இடங்களையும் கண்டறிந்து அவற்றின் அமைவை எண்களாக்கி வைத்துக்கொள்கிறது. முகத்தை அறியும் மென்பொருளும் முகத்தை ஒரு நீண்ட எண்வரிசையாக மாற்றுகிறது. ‘நாங்கள் உங்கள் கைரேகையைச் சேமிப்பதில்லை, வெறும் எண்கள்தான்’ என்று விற்பனையாளர் சொல்வது இதைத்தான். அந்த எண்கள் உங்களை மட்டுமே சுட்டுபவை என்பதால் சட்டத்தின் பார்வையில் அவையும் உங்கள் உடலின் தரவே.

அடுத்துக் கவனிக்க வேண்டியது ஒப்பிடும் முறை. உங்கள் அட்டையிலோ கைப்பேசியிலோ உள்ள ஒரே பதிவோடு உங்களை ஒப்பிட்டு ‘இவர் அவர்தானா’ என்று பார்ப்பது சரிபார்த்தல். ஆயிரக்கணக்கானோரின் பதிவுகளோடு ஒப்பிட்டு ‘இவர் யார்’ என்று தேடுவது அடையாளம் காணல். முன்னதற்கு மையத் தரவுத்தளம் தேவையில்லை, பின்னதற்குத் தேவை. பெருந்திரளாகக் களவு போவதும் உங்களுக்குத் தெரியாமல் உங்களைப் பின்தொடர்வதும் இந்த இரண்டாம் வகையில்தான் நடக்கின்றன. 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து சுமார் 56 லட்சம் பேரின் கைரேகைகள் திருடப்பட்டன. 2019இல் பயோஸ்டார் 2 என்ற நுழைவுக் கட்டுப்பாட்டு அமைப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கைரேகைப் பதிவுகள் இணையத்தில் காப்பின்றித் திறந்து கிடந்தன.

தவறான பொருத்தம் நம்மைப் போன்ற நிறத்தவரைக் கூடுதலாகப் பாதிக்கிறது. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்கள் ஆப்பிரிக்க, ஆசிய முகங்களை வேறொருவராகப் பிழையாகப் பொருத்துவது வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை மிகுந்திருந்தது. 2020 ஜனவரியில் டெட்ராய்ட் நகருக்கு அருகே ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவர் தன் வீட்டு வாசலில், மனைவி மக்களின் கண்ணெதிரே, இத்தகைய பிழையான பொருத்தத்தால் கைது செய்யப்பட்டார்.

மூன்றாம் படி: வேலையிடத்தில் வருகைப்பதிவு

மொரீஷியஸில் பெரும்பாலோர் தம் கைரேகையை முதன்முதலில் ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுப்பது வேலையில் சேரும் நாளில்தான். தொழிற்சாலை வாயிலிலோ எபேன் அலுவலகக் கட்டடத்தின் மாடியிலோ சுவரில் இருக்கும் சிறு கருவியில் விரலை வைக்கச் சொல்வார்கள், படிவம் எதுவும் தர மாட்டார்கள், வைக்காவிட்டால் வேலை தொடங்காது என்ற நிலை அங்கே இருக்கும். உங்களுக்கு உதவக்கூடிய சட்டம் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2018 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் இச்சட்டம், ஒருவரைத் தனித்து அடையாளம் காட்டும் கைரேகை, முகம் போன்ற உயிரளவியல் தரவையும் மரபணுத் தரவையும் சிறப்பு வகைத் தரவுகளாகக் கருதி அவற்றுக்குக் கூடுதல் காப்பு அளிக்கிறது. ஒப்புதலின் பேரில் தரவைக் கையாள்வதாகச் சொல்லும் நிறுவனம், ஒப்புதல் பெற்றதைத் தானே நிரூபிக்க வேண்டும். கொடுத்த ஒப்புதலை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

நேரே போய் வாதம் செய்வதைவிட எழுத்தில் கேட்பது பலன் தரும். மனிதவளப் பிரிவுக்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதும் கடிதத்தில் இருக்க வேண்டிய பொருள் இது:

‘வருகைப்பதிவுக்காக என் கைரேகை பெறப்பட்டுள்ளது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பின்வரும் விவரங்களைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். என் கைரேகைப் பதிவு கருவிக்குள் இருக்கிறதா, நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறதா, கருவியை விற்றவரின் கிளவுட் சேமிப்பில் இருக்கிறதா? நாட்டுக்கு வெளியே அனுப்பப்படுகிறதா? நான் வேலையை விட்டபின் எத்தனை நாளில் அழிக்கப்படும்? இதனால் எனக்கு நேரக்கூடிய பாதிப்பு முன்கூட்டியே மதிப்பிடப்பட்டதா? காந்த அட்டை, இரகசிய எண் போன்ற மாற்று வழி இருக்கிறதா? மாற்று வழி இருந்தால் அதைப் பயன்படுத்த விரும்புகிறேன்.’

இந்தக் கேள்விகளில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது மாற்று வழியைப் பற்றிய கடைசிக் கேள்விதான். வேலைக்கு வந்த நேரத்தைக் குறிப்பது அட்டையாலும் முடிகிற வேலை. அதற்கு உடலின் நிரந்தர அடையாளத்தைக் கேட்பது தேவைக்கு மிஞ்சியது என்ற வாதம் வலுவானது, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையோடும் ஒத்துப்போவது. தனியாக எழுதத் தயங்குபவர்கள் தொழிற்சங்கத்தின் வழியாகவோ நான்கைந்து சக ஊழியர்களுடன் சேர்ந்தோ எழுதலாம். வேலையை விடும் நாளில், சம்பளக் கணக்கு முடிக்கும்போதே கைரேகைப் பதிவை அழித்ததற்கான எழுத்துச் சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்திருக்கும் தொழிலாளர்களும் கோவில்களில் பணிபுரியும் குருக்கள்மாரும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உங்கள் கைரேகையும் கருவிழியும் இந்தியாவில் ஆதாரிலும் இருக்கின்றன. நீங்கள் ஊரில் இல்லாத காலத்தில் உங்கள் கைரேகையை வைத்து யாரும் ஆதார் சரிபார்ப்பு செய்யாதபடி அதைப் பூட்டிவைக்கும் வசதியை ஆதார் ஆணையம் தருகிறது. ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ இதைச் செய்யலாம், தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறக்கலாம். ஒருமுறைக் கடவு எண் பதிவு செய்த இந்தியக் கைப்பேசி எண்ணுக்குத்தான் வரும் என்பதால், அந்தச் சிம் உயிரோடு இருக்கும்போதே, முடிந்தால் விமானம் ஏறுவதற்கு முன்பே பூட்டிவிடுவது நல்லது.

நான்காம் படி: மரபணுச் சோதனைக்கு உமிழ்நீர் அனுப்பும் முன்

தாத்தாவின் தாத்தா எந்த ஊர் என்று தெரிந்துகொள்ளும் ஆசை நம்மில் பலருக்கும் உண்டு, அது மிக நியாயமான ஆசை. அதற்காக வெளிநாட்டு நிறுவனத்துக்குச் சிறு குழாயில் உமிழ்நீரை அனுப்புவது வழக்கமாகி வருகிறது. இது எல்லாவற்றிலும் ஆபத்தான கொடை என்று நான் கருதுவதற்குக் காரணம், இதில் உங்கள் தரவை மட்டும் நீங்கள் கொடுப்பதில்லை என்பதே. உடன்பிறந்தாருடன் ஏறத்தாழ பாதி மரபணுவையும், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளுடன் சுமார் எட்டில் ஒரு பங்கையும் நீங்கள் பகிர்ந்துகொள்கிறீர்கள். அவர்கள் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

2018இல் கலிபோர்னியாவில், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய கொலைகளுக்காக ஒருவர் கைது செய்யப்பட்டார். அவர் எந்தச் சோதனையும் செய்துகொண்டவர் இல்லை, தூரத்து உறவினர்கள், மரபணுத் தரவை ஒப்பிட்டு உறவு தேடும் ஜெட்மேட்ச் என்ற தளத்தில் ஏற்றியிருந்த தரவின் வழியே காவல்துறை அவரைச் சென்றடைந்தது. கொலைகாரன் பிடிபட்டது நல்லதே. ஆனால் அதே வழி எந்த அரசுக்கும், எந்த நோக்கத்துக்கும் திறந்திருக்கிறது. சில குடும்பங்களிலிருந்து கிளைத்து, ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுத்து வாழ்ந்த ஒரு சிறு தீவுச் சமூகத்தில், சில நூறு பேர் சோதனை செய்தாலே மீதிப் பேரில் பலரை அடையாளம் காண்பது எளிதாகிவிடும் என்பது என் அச்சம்.

23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்துக்கு நேர்ந்ததையும் பாருங்கள். 2023இல் தாக்குதலாளர்கள் பழைய கடவுச்சொற்களைக் கொண்டு நேரடியாகத் திறந்தவை சுமார் 14,000 கணக்குகள்தாம். உறவினர்களைக் காட்டும் வசதியின் வழியாக அவர்கள் கையில் சிக்கியதோ ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள். 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியபோது, இலட்சக்கணக்கானோரின் மரபணுத் தரவு விற்பனைக்குரிய சொத்தாக நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது.

ஏற்கெனவே சோதனை செய்துவிட்டவர்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் முடிவுகளைத் தரவிறக்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உறவினர் பொருத்தும் வசதியை நிறுத்துங்கள். ஆய்வுக்குக் கொடுத்த ஒப்புதலை விலக்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே முடிந்த ஆய்வுகளிலிருந்து உங்கள் தரவை மீட்க முடியாது என்றாலும், புதிய ஆய்வுகள் நின்றுபோகும். சேமித்து வைத்திருக்கும் உமிழ்நீர் மாதிரியை அழிக்கும்படி தனியாகக் கேளுங்கள், கணக்கை நீக்கினால் மாதிரியும் தானாக அழிந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். இவை முடிந்தபின் கணக்கையும் தரவையும் நீக்கக் கோருங்கள், உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னும் சோதனை செய்யாதவர்களுக்கு, உமிழ்நீரைவிடத் தெளிவாகப் பதில் சொல்லும் ஒரு மூலம் மோக்காவிலேயே இருக்கிறது. குடியேறியவர் பதிவேடுகளில் வந்தவரின் எண், பெயர், தந்தை பெயர், வயது, கப்பல், சாதி, ஊர், மாவட்டம் ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றன. மரபணுச் சோதனை ‘தென்னிந்தியா’ என்று ஒரு வண்ணப் படத்தைக் காட்டும், பதிவேடோ ஊர்ப்பெயரையே சொல்லக்கூடும். எழுத்துப்பிழைகளோடு போராட வேண்டியிருக்கும் என்றாலும், உயிரோடிருக்கும் எந்த உறவினரின் அந்தரங்கமும் அதில் அடகு வைக்கப்படுவதில்லை.

ஐந்தாம் படி: முகப்படங்கள், குறிப்பாகக் குழந்தைகளுடையவை

கிளியர்வியூ ஏஐ என்ற அமெரிக்க நிறுவனம் இணையத்தில் பொதுவெளியில் கிடந்த கோடிக்கணக்கான முகப்படங்களை யாரிடமும் கேட்காமல் திரட்டித் தேடுபொறியாக்கிக் காவல்துறைகளுக்கு விற்றது. இதற்காக நெதர்லாந்துத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் 3.05 கோடி யூரோ அபராதம் விதித்தது. இப்படி வரைமுறையின்றி முகங்களைத் திரட்டித் தரவுத்தளம் அமைப்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது. அந்தத் தடை ஐரோப்பியச் சந்தைக்கானது. நம் படங்களை நாம்தான் காத்துக்கொள்ள வேண்டும்.

தைப்பூசக் காவடியின்போது கோவில் வாசலில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். அலகு குத்திய முகங்களும் காவடி தூக்கும் பிள்ளைகளும் தெளிவான படங்களாக, பெயர் குறிக்கப்பட்டு, யாரும் பார்க்கக்கூடிய பக்கத்தில் அன்று மாலையே ஏறிவிடுகின்றன. விழாவைப் பதிவு செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோவில் நிர்வாகக் குழுக்களும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களும் மூன்று வழக்கங்களை ஏற்றுக்கொண்டால் போதும்: கூட்டத்தைத் தூரத்திலிருந்து காட்டும் படங்களைப் பொதுவில் இடலாம். அருகிலிருந்து எடுத்த முகப்படங்களை உரியவருக்கு நேரே அனுப்பலாம். பிள்ளைகளின் முகத்தையும் முழுப் பெயரையும் பள்ளிப் பெயரையும் ஒரே இடத்தில் சேர்த்து வெளியிடாமல் இருக்கலாம். 16 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவை ஒப்புதலின் பேரில் கையாளப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் வேண்டும் என்று நம் சட்டம் சொல்வதை அவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: தெருவில் இருக்கும் கேமராக்கள்

பாதுகாப்பு நகரத் திட்டத்தின் கீழ் நாடெங்கும் சுமார் 4,000 கேமராக்கள் சீன நிறுவனமான ஹுவாவெய்யின் தொழில்நுட்பத்துடன் நிறுவப்பட்டன. முகக்கவசமோ கண்ணாடியோ தொப்பியோ நம்மைக் காக்கும் என்று நம்ப வேண்டாம். கொரோனாக் காலத்துக்குப் பிறகு வந்த மென்பொருள்கள் கண்களைச் சுற்றிய பகுதியை மட்டும் கொண்டே ஆளை அறிகின்றன, நடையைக் கொண்டு அறியும் மென்பொருளும் விற்பனைக்கு வந்துவிட்டது. தனிமனிதத் தந்திரங்களால் இங்கே அதிகம் சாதிக்க முடியாது, தொகுதி உறுப்பினரிடம் கேள்வி கேட்பதே வழி. முகமறியும் வசதி இயக்கப்படுகிறதா, காட்சிகள் எத்தனை நாள் வைக்கப்படுகின்றன, யார் யார் பார்க்கிறார்கள், பார்த்ததற்குப் பதிவு உண்டா, தனிப்பட்ட கண்காணிப்பாளர் ஒருவர் இருக்கிறாரா என்று எழுத்தில் கேட்டு, நாடாளுமன்றத்தில் எழுப்பும்படி கோருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் கேமரா உங்கள் வாசலை நோக்கியிருந்தால் முதலில் பேசிப் பாருங்கள். கோணத்தைத் திருப்புவதும் மறைப்பு வைப்பதும் அவருக்குச் சில நிமிட வேலை.

ஏழாம் படி: கைப்பேசியும் குரலும்

கைப்பேசியின் கைரேகைத் திறப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது கருவிக்குள்ளேயே, தனிச் சில்லில் இருக்கும் சரிபார்த்தல் வகை. ஆயினும் எல்லைச் சோதனையோ கைதோ நேரக்கூடிய சூழலில், ஐபோனில் பக்கவாட்டுப் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அடுத்த முறை விரலுக்கோ முகத்துக்கோ பதிலாகக் கடவு எண் கேட்கும். ஆண்ட்ராய்டில் ‘லாக்டவுன்’ என்ற தெரிவு அதே வேலையைச் செய்யும். கருவிழியைப் படமெடுத்து மின்னணு நாணயம் தருவோரிடம் நெருங்கவே வேண்டாம். ஆப்பிரிக்காவின் கென்யாவில் வேர்ல்டுகாயின் நிறுவனத்தின் பணி 2023 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது, திரட்டிய தரவை அழிக்கும்படி 2025 மேயில் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. சில நொடிக் குரல்பதிவே போலிக் குரல் உருவாக்கப் போதும் என்பதால், பணம் கேட்டு வாட்ஸ்அப்பில் வரும் உறவினரின் குரல்பதிவைக் கேட்டவுடன் பணம் அனுப்பாமல், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் அவரைத் திரும்ப அழைத்து உறுதி செய்யுங்கள்.

எட்டாம் படி: மறுத்தால் புகார் செய்யும் முறை

உங்கள் எழுத்து விண்ணப்பத்துக்குப் பதில் வர ஒரு மாதம் பொறுங்கள். பதில் வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ தரவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புகார் அளிக்கலாம். அதற்கு முன்பு அந்நிறுவனம் தரவுக் கட்டுப்பாட்டாளராக (தரவை எதற்கு, எப்படிக் கையாள்வது என்று முடிவு செய்பவராக) அங்கே பதிவு செய்திருக்கிறதா என்று பொதுப் பதிவேட்டில் பாருங்கள். பதிவில்லாமல் இயங்குவதே ஒரு குற்றம், புகாரில் அதையும் சேர்க்கலாம். கடிதங்களின் நகல், அனுப்பிய தேதி, கருவியின் படம், அதன் மீதுள்ள தயாரிப்பாளர் பெயர், நீங்கள் கேட்கும் நிவாரணம் ஆகியவற்றை இணையுங்கள். ‘என் அந்தரங்கம் மீறப்பட்டது’ என்று பொதுவாக எழுதுவதைவிட, ‘மாற்று வழி கேட்டேன், மறுக்கப்பட்டது, என் பதிவை அழிக்க வேண்டும்’ என்று குறிப்பாக எழுதும் புகாரே விசாரணையில் நிற்கும். தரவுப் பாதுகாப்பு ஆணையர் முதலில் இரு தரப்பையும் இணக்கத்துக்குக் கொண்டுவர முயல்வார், அந்த இணக்கத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். முடிவு உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் தகவல் தொடர்புத் தொழில்நுட்ப மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

தரவு கசிந்ததாகச் செய்தி வந்தால் காத்திருக்க வேண்டாம். முடிந்தவரை 72 மணி நேரத்துக்குள் நிறுவனம் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும், ஆபத்து பெரிதாக இருந்தால் உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். என் பதிவு அதில் உண்டா, எந்த வடிவில், எந்த விரல்கள் என்று அன்றே எழுதிக் கேளுங்கள். எந்த விரல்கள் போயின என்று தெரிந்தால், மற்ற இடங்களில் வேறு விரலைப் பதியலாம் அல்லது அட்டைக்கு மாறலாம்.